வாகனப் பாதையும் வாடகைக் கழிவுத் தொட்டியும்: கடும் வானிலையில் தோன்றும் பழுதுகளை அறிகுறி கொண்டு நீக்கும் வழிமுறை

வீட்டைப் புதுப்பிக்கும்போதும் பழைய கூரையைப் பிரிக்கும்போதும் கழிவுகளைப் போடுவதற்காக வாடகைக்கு எடுக்கும் பெரிய இரும்புத் தொட்டி, பெரும்பாலும் கார் நிறுத்துவதற்கென்று மட்டுமே போடப்பட்ட வாகனப் பாதையின்மீதுதான் வந்து இறங்குகிறது. பிறகு அங்கே ஏதேனும் பழுது தெரிந்தால் சிலர் தொட்டியின் பாரத்தைக் குறை கூறுகின்றனர். சிலர் மழையையும் வெயிலையும் பனியையும் குறை கூறுகின்றனர். இவை தனித்தனியே செய்யும் சேதம் அதிகமில்லை. தொட்டியை இறக்கும் நேரத்திலும் மீண்டும் வண்டியில் ஏற்றும் நேரத்திலும்தான் பாதை மிகுந்த சுமையைத் தாங்குகிறது. அந்தச் சில நிமிடங்களில் தார் இளகியிருந்ததா, அடித்தளம் நீரில் ஊறியிருந்ததா, பரப்பில் பனி உறைந்திருந்ததா என்பதே பெரும்பாலும் சேதத்தின் அளவைத் தீர்மானிக்கிறது.

ஆகவே எந்தப் பழுதைச் சரிசெய்வதற்கு முன்பும் மூன்று விவரங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். பாதை தாரா, கான்கிரீட்டா, பேவர் கல்லா, சரளையா என்பது முதலாவது. தொட்டி இறங்கியபோதா, நின்றிருந்த நாட்களிலா, எடுத்துச் சென்றபோதா, எப்போது பழுது தோன்றியது என்பது இரண்டாவது. அப்போது நிலவிய வெப்பமும் ஈரமும் மூன்றாவது. தொட்டி வருவதற்கு முன்பே பாதையைப் பல கோணங்களில் நிழற்படம் எடுத்து வைத்திருந்தால் இரண்டாவது கேள்விக்கு விடை எளிதில் கிடைக்கும்.

அறிகுறி: தார்ப் பாதையில் தொட்டிச் சக்கரத்தின் அளவிலேயே குழி விழுந்திருக்கிறது

குழியைச் சுற்றி வெடிப்பு இல்லாமல், தார் அப்படியே அமுங்கி, ஓரங்களில் சற்றுப் பிதுங்கியும் இருந்தால் அது வெப்பத்தால் வந்த பழுது. தாரில் ஜல்லியைப் பிணைத்திருக்கும் பிட்டுமன் ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் சட்டென்று உருகும் பொருளன்று; சூடு ஏற ஏற அது படிப்படியாக இளகுகிறது. காற்றின் வெப்பம் 35 டிகிரி செல்சியஸ் உள்ள நாளில், நேர் வெயிலில் கிடக்கும் கருப்புப் பரப்பு 60 டிகிரியை எளிதில் தொட்டுவிடும். அந்த நிலையில் சிறிய பரப்பில் நீண்ட நேரம் அழுத்தும் எந்தச் சுமையும் தாரை மெதுவாக விலக்கிக்கொண்டு உள்ளே இறங்கும்.

அழுத்தம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்தால், தொட்டிக்கு அடியில் மரப்பலகை போட வேண்டியதன் தேவை விளங்கும். 2 டன் எடையுள்ள தொட்டியில் 4 டன் கழிவு இருக்கிறது, மொத்தப் பாரம் நான்கு இடங்களில் தரையைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் இடத்திலும் 1,500 கிலோ. தொட்டியின் அடியில் சக்கரமாக உள்ள இரும்பு உருளை தரையைத் தொடும் பரப்பு 10 செ.மீ.க்கு 3 செ.மீ. என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 கிலோ அழுத்தம் விழுகிறது. கார் டயர் தரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு, இரண்டரை கிலோதான். அதே உருளைக்கு அடியில் 5 செ.மீ. கனமும் 25 செ.மீ. அகலமும் உள்ள மரப்பலகை ஒன்று கிடந்து, அது பாரத்தை 30 செ.மீ. நீளத்துக்குப் பரப்பினால், அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோவாகக் குறைந்துவிடுகிறது. மெல்லிய பலகை வளைந்து கொடுத்துவிடும். ஆகையால் கனத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. பிளைவுட் மட்டுமே கிடைத்தால் 18 மி.மீ. தாள்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக இடுவது நல்லது.

பலகையைத் தொட்டி இறுதியில் நிற்கும் இடத்தில் மட்டும் போடுவதே பெரும்பாலோர் செய்யும் பிழை. வண்டியிலிருந்து தொட்டி சரிந்து இறங்கும்போது முதலில் அதன் பின்பக்க உருளைகள் இரண்டு மட்டும் தரையைத் தொடுகின்றன. பாரத்தின் பெரும்பகுதி அந்த இரண்டின்மீது இருக்கையிலேயே அவை சிறிது தூரம் உருளவும் செய்கின்றன. எனவே உருளைகள் முதலில் தரையைத் தொடும் இடத்திலிருந்து கடைசியாக நிற்கும் இடம் வரை பலகை தொடர்ந்து இருக்க வேண்டும். ஓட்டுநர் வந்த பிறகு அவசரமாகப் பலகை தேடுவதைவிட, முந்தைய நாளே இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து வைப்பது எளிது. கோடையில் தொட்டியை இறக்கவும் எடுக்கவும் விடிந்த சில மணி நேரத்துக்குள் நேரம் கேட்டு வாங்க வேண்டும். மாலை வேளை குளுமையாகத் தோன்றினாலும் பகலெல்லாம் வாங்கிய சூட்டைத் தார் அப்போதும் வைத்திருக்கும்.

விழுந்துவிட்ட குழியின்மீது நேரான சட்டம் ஒன்றைக் குறுக்கே வைத்து, இடைவெளியை அளக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான ஆழமாக இருந்து, மழைநீர் தேங்காமலும் இருந்தால் அதை விட்டுவிடலாம். நீர் தேங்கினால் அந்தப் பகுதியைச் சூடாக்கி, பிதுங்கிய ஓரத்தைத் தட்டிச் சமன்செய்து, தார்க்கலவை இட்டு நிரப்ப வேண்டும். ஆழமான குழியாயின் சதுரமாக வெட்டியெடுத்து ஒட்டுப்போடுவதே நிலைக்கும். குழியின்மேல் வெறும் சீல் கோட் அடித்து மறைப்பது பயன் தராது. அது நீரையும் வெயிலையும் ஓரளவு தடுக்கும் மெல்லிய பூச்சு, வலிமை சேர்க்கும் அடுக்கன்று. மேலும் சீல் கோட் முழுமையாக உலராத பாதையில் தொட்டியை இறக்கினால் பலகையே அதில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போது பூச்சைப் பெயர்த்துக்கொண்டு வரும். புதிதாகப் போட்ட தார்ப் பாதை முழுமையாக இறுகச் சில மாதங்கள் ஆகும். முதல் கோடையில் அதன்மீது தொட்டியை நிறுத்தாமல் வேறு இடம் பார்ப்பதே சரி.

அறிகுறி: தாரில் வலைப்பின்னலாக வெடிப்புகள், மிதித்தால் அசைகிறது, மழை பெய்தால் சேறு கசிகிறது

இது மேற்பரப்பின் நோயன்று. தாருக்குக் கீழே உள்ள ஜல்லிப் படுகையும் மண்ணும் நீரில் ஊறி, சுமையைத் தாங்கும் திறனை இழந்துவிட்டன என்பதே இதன் பொருள். வீட்டுப் பாதைகளில் தாரின் கனம் பொதுவாக 5 முதல் 7.5 செ.மீ. வரைதான், பாரத்தைத் தாங்குவது அதற்குக் கீழே உள்ள அடித்தளமே. காய்ந்த காலத்தில் எந்தக் குறையும் காட்டாத பாதை, தொடர்மழைக்குப் பின் கனத்த வண்டி ஒருமுறை ஏறியதும் உடைந்துபோவதற்குக் காரணம் இதுதான்.

குளிர் நாடுகளில் மிகவும் ஆபத்தான காலம் நடுக்குளிர்காலமன்று; பனி உருகத் தொடங்கும் வாரங்களே. உறைந்த நிலம் கல்லைப் போல் பாரம் தாங்கும். உருகும்போது மேலடுக்கு முதலில் நீராகிறது. அடியில் இன்னும் உறைந்திருக்கும் அடுக்கு அந்த நீரை வடியவிடாமல் நிறுத்துகிறது. அந்த நாட்களில் ஜல்லிப் படுகை சேற்றில் மிதப்பது போன்ற நிலையில் இருக்கும். பல குளிர் நாடுகளில் இந்தப் பருவத்தில் சில சாலைகளுக்குக் கனரக வாகன எடைக் கட்டுப்பாடு விதிக்கப்படுவதும் இதனால்தான். பொதுச் சாலைக்கே அந்த நிலை என்றால், வீட்டுப் பாதையில் அந்த வாரங்களில் தொட்டியை எடுக்கச் சொல்வது எவ்வளவு பொருத்தமற்றது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வாடகையை ஒரு வாரம் நீட்டிப்பதற்கு ஆகும் செலவு, அடித்தளத்தைத் தோண்டி மீண்டும் போடும் செலவோடு ஒப்பிடத் தக்கதன்று.

சரிசெய்யும் முறையிலும் வரிசை முக்கியம். முதலில் நீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். கூரை நீரை இறக்கும் குழாய் பாதையின் ஓரத்தில் கொட்டுகிறதா, பாதையின் வாட்டம் வீட்டை நோக்கி இருக்கிறதா, தொட்டியோ அதன் பலகையோ நீரோடும் வழியில் குறுக்கே அணை கட்டியதுபோல் கிடக்கிறதா என்பவற்றைச் சோதிக்க வேண்டும். ஒரு வாளி நீரை மேட்டில் ஊற்றி, அது ஓடும் பாதையைப் பார்த்தால் பெரும்பாலும் விடை தெரிந்துவிடும். நீரைத் திருப்பிவிட்ட பிறகே, உடைந்த பகுதியை அடித்தளம் வரை வெட்டி, ஊறிய மண்ணை அகற்றி, ஜல்லி பரப்பித் திமிசு போட்டு, மேலே தார் இட வேண்டும். நீரைத் திருப்பாமல் போடும் ஒட்டு அடுத்த மழைக்காலத்தைத் தாண்டாது. வெடிப்பு ஒற்றைக் கோடாக மட்டும் இருந்து, அசைவு இல்லாமலிருந்தால் இவ்வளவு வேலை வேண்டாம். காய்ந்த நாளில், 10 டிகிரிக்கு மேல் வெப்பம் இருக்கும்போது, தூசியை நீக்கி வெடிப்பு நிரப்பியை ஊற்றினால் போதும்.

அறிகுறி: கான்கிரீட் பாதையின் மூலை உடைந்திருக்கிறது, அல்லது குறுக்கே வெடித்திருக்கிறது

கான்கிரீட் வெயிலில் இளகாது. ஆனால் வளைந்தும் கொடுக்காது. கார்களுக்காகப் போடப்படும் கான்கிரீட் பலகத்தின் கனம் வழக்கமாக 10 செ.மீ. அளவில் இருக்கும். அதன் நடுப்பகுதி தாங்கும் சுமையை விளிம்பும் மூலையும் தாங்குவதில்லை. விளிம்புக்குக் கீழே உள்ள மண்ணை மழைநீர் அரித்துச் சென்றிருந்தால் அந்த மூலை அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

தொட்டி வருவதற்கு முன் சிறு சுத்தியலால் விளிம்பு நெடுகிலும் தட்டிக்கொண்டே சென்றால், அடியில் மண் உள்ள இடத்தில் ஓசை கெட்டியாகவும், வெற்றிடம் உள்ள இடத்தில் பொள்ளலாகவும் கேட்கும். பொள்ளலாக ஒலிக்கும் பகுதியின்மீது எந்த உருளையும் ஏறாதவாறு இடத்தை மாற்ற வேண்டும். வெடிப்பு ஏற்கெனவே விழுந்துவிட்டதெனில் அதன் இரு பக்கங்களும் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரே மட்டமாக இருந்தால் நெகிழும் தன்மையுள்ள நிரப்பி கொண்டு அடைத்து, நீர் உள்ளே போகாமல் தடுத்தால் போதும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அடிமண் இறங்கிவிட்டது. துளையிட்டு அடியில் கலவையைச் செலுத்திப் பலகத்தை உயர்த்துவதா, அந்தப் பகுதியை உடைத்து மீண்டும் போடுவதா என்பதை அத்துறையில் பழகியவர் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

புதுக் கான்கிரீட்டின் வலிமையைக் கணக்கிடுவது 28 நாட்களை வைத்துத்தான். ஏழாம் நாளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வலிமையே வந்திருக்கும். குளிர் காலத்தில் கலவை இறுகும் வேகம் இன்னும் குறைவு. பார்வைக்கு இறுகிவிட்டது என்பதற்காக இரண்டாம் வாரத்திலேயே தொட்டியை வரவழைப்பது வீண் துணிச்சல்.

அறிகுறி: கான்கிரீட்டின் மேற்பரப்பு செதில் செதிலாகப் பெயர்கிறது

தொட்டி நின்ற இடத்தில் மட்டும் இது தோன்றினால் பலரும் பாரத்தைக் காரணமாகச் சொல்வர். காரணம் பெரும்பாலும் உறைநீரும் உப்பும் ஆகும். நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு கூடுகிறது. கான்கிரீட்டின் நுண்துளைகளில் நிறைந்துள்ள நீர் உறைந்து உருகி, மீண்டும் உறையும் ஒவ்வொரு சுற்றிலும் மேற்பரப்பு சிறிது சிறிதாகத் தளர்கிறது. பனியை உருக்கத் தூவும் உப்பு அந்தச் சுற்றுகளை அதிகமாக்குவதோடு, பரப்பை எப்போதும் ஈரமாகவும் வைத்திருக்கிறது. தொட்டிக்கு அடியில் வெயிலும் காற்றும் படாமல் உப்புநீர் தேங்கி நிற்பதால் சேதம் அங்கே மிகுதியாகிறது.

போட்டு ஓராண்டு ஆகாத கான்கிரீட்டில் உப்பே தூவக் கூடாது. வழுக்கலுக்கு மணல் போதும். அது பனியை உருக்காது, ஆனால் பிடிமானம் தரும். அம்மோனியம் நைட்ரேட், அம்மோனியம் சல்பேட் கலந்த உருக்கிகள் கான்கிரீட்டையே அரிக்கக் கூடியவை. பொட்டலத்தின்மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து அவற்றைத் தவிர்க்க வேண்டும். சாதாரண உப்பு சுமார் மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே மிகவும் மெதுவாகவே வேலை செய்யும். அந்தக் குளிரில் கைநிறைய அள்ளித் தூவுவதால் பயன் சிறிது, சேதம் பெரிது. பெயர்ந்த இடத்தில் வெறும் சிமெண்ட் பால் பூசினால் அது அடுத்த குளிரிலேயே உரிந்துவிடும். தளர்ந்த பகுதியை முற்றிலும் சுரண்டியெடுத்து, பாலிமர் கலந்த ஒட்டுக்கலவை இட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே ஊறிப் பரவும் சிலேன் வகைக் காப்புநீர் அடிக்க வேண்டும்.

அறிகுறி: பேவர் கற்கள் இறங்கியிருக்கின்றன, சரளைப் பாதையில் தடப்பள்ளம் விழுந்திருக்கிறது

இவை இரண்டும் பார்க்கப் பெரிதாகத் தெரிந்தாலும் எளிதில் தீர்பவை. இறங்கிய கற்களைப் பெயர்த்தெடுத்து, அடியிலுள்ள மணற்படுகையைச் சமன்செய்து, திமிசு போட்டு, அதே கற்களை மீண்டும் அடுக்கி, இடுக்குகளில் மணல் நிரப்பலாம். மணல் மீண்டும் மீண்டும் மழையில் கரைந்தால், ஓரத்தில் கற்களை இறுக்கிப் பிடிக்கும் கட்டு உடைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சரளைப் பாதையின் தடப்பள்ளத்தை மேலே சரளை கொட்டி நிரப்பாமல், முதலில் இரு பக்க மேட்டையும் கிளறிச் சமமாக்கிய பிறகே புதுச் சரளை சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தின் அடியில் நீர் ஒளிந்து நிற்கும்.

அறிகுறி: தொட்டியை எடுத்த பிறகு கறை தெரிகிறது

கறையின் வடிவமே அதன் காரணத்தைச் சொல்லும். உருளை நின்ற இடத்தில் செம்மஞ்சள் நிறப் புள்ளியோ கோடோ இருந்தால் அது துரு. பலகையின் அகலத்திலேயே பழுப்பு நிறப் பட்டை தெரிந்தால், நனைந்த மரத்திலிருந்து இறங்கிய சாயம். முதலாவதற்கு ஆக்சாலிக் அமிலம் கலந்த துரு நீக்கி பயன்படும். அது நச்சுப் பொருளாதலால் கையுறை அணிந்து பயன்படுத்தி, நிறைய நீர்விட்டுக் கழுவ வேண்டும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் துருவோடு கான்கிரீட்டையும் அரித்துவிடும். குளோரின் கலந்த பிளீச் துருவை நீக்குவதில்லை. மரச்சாயத்துக்கோ ஆக்சிஜன் வகைப் பிளீச்சே போதுமானது. ஒரு மருந்தை மற்றொன்றோடு கலந்து பார்க்கும் ஆசை எவருக்கும் வர வேண்டாம். அமிலமும் குளோரின் பிளீச்சும் சேர்ந்தால் நச்சு வாயு வெளிப்படும்.

வண்டியின் ஹைட்ராலிக் எண்ணெயோ டீசலோ தாரின்மீது சிந்தியிருந்தால் காலம் தாழ்த்தக் கூடாது, ஏனெனில் அது பிட்டுமனைக் கரைக்கும். மரத்தூள் அல்லது மணலைக் கொட்டி உறிஞ்சவைத்து அள்ளி, சோப்பு நீரால் தேய்க்க வேண்டும். பெட்ரோலோ மண்ணெண்ணெயோ ஊற்றித் துடைப்பது கறையோடு பாதையையும் கரைக்கும்.

அறிகுறி: தொட்டியில் நீர் தேங்குகிறது, எடை எதிர்பார்த்ததைவிடக் கூடிவிட்டது

வாடகை நிறுவனங்கள் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட எடை வரையில் ஒரு கட்டணமும், அதைத் தாண்டினால் டன் கணக்கில் கூடுதல் கட்டணமும் வைத்திருக்கின்றன. மழைநீரும் அந்த எடையில் சேரும். 20 கன கெஜத் தொட்டி ஏறத்தாழ 6.7 மீட்டர் நீளமும் 2.4 மீட்டர் அகலமும் உடையது; திறந்த மேற்பரப்பு 16 சதுர மீட்டர். 10 மி.மீ. மழை பெய்தால் அதற்குள் 160 லிட்டர் விழுகிறது. ஓர் இரவில் 50 மி.மீ. பெய்தால் 800 லிட்டர், அதாவது 800 கிலோ.

தொட்டியின் கதவு இடுக்குகள் வழியாக நீரின் ஒரு பகுதி வடிந்துவிடும் என்பது உண்மை. ஆனால் உள்ளே கிடப்பது எது என்பதைப் பொறுத்தே எவ்வளவு வடியும் என்பது அமையும். கூரை ஓடு, கல், உலோகம் ஆகியவை நீரைப் பிடித்து வைப்பதில்லை. ஜிப்சம் பலகை, கம்பளம், மெத்தை, அட்டைப் பெட்டி, மண் ஆகியவை குடித்த நீரை விடுவதில்லை. காய்ந்து தளர்ந்த மண் ஒரு கன மீட்டருக்கு 1.2 முதல் 1.3 டன் வரை எடையிருக்கும், நனைந்தால் 1.6 டன்னைத் தாண்டும். எனவே உறிஞ்சும் பொருள்களைக் கூரைக்குக் கீழே ஒதுக்கி வைத்து, தொட்டியை எடுக்கும் நாளுக்கு முந்தைய நாள் ஏற்றுவது, எந்தத் தார்ப்பாயையும்விட உறுதியான பாதுகாப்பு.

நீர் தேங்கி நின்றால் முதலில் கதவோரத்தில் குப்பை அடைத்திருக்கிறதா என்று வெளியிலிருந்து கம்பியால் கிளறிப் பார்க்க வேண்டும். தொட்டியின் அடியில் துளை போடக் கூடாது. அது வாடகைப் பொருள். உள்ளே பெயிண்ட், எண்ணெய், இரசாயனம் ஏதேனும் இருந்தால் அந்த நீரைத் தெருவின் மழைநீர் வடிகாலில் இறக்குவதும் கூடாது. நிறுவனத்துக்குத் தெரிவித்து அவர்கள் சொல்லும் வழியில் நீக்க வேண்டும்.

பனி பெய்யும் இடங்களில் ஒவ்வொரு முறை கழிவு போடுவதற்கு முன்பும் மேலே படிந்த பனியை வாரி வெளியேற்ற வேண்டும். அதைப் பொருட்படுத்தாமல் மேலே கழிவைக் கொட்டினால், பனி அடியில் நசுங்கிக் கட்டியாகி, கடைசிவரை எடையாகவே உடன் வரும்.

அறிகுறி: தார்ப்பாய் கிழிகிறது, பறக்கிறது, அல்லது நடுவில் நீர்ப்பை போல் தொங்குகிறது

தொங்குவதே மற்றப் பழுதுகளுக்கும் தொடக்கம். 2 மீட்டருக்கு 2 மீட்டர் பரப்பில் சராசரியாக 10 செ.மீ. ஆழத்துக்கு நீர் தேங்கினால் அது 400 கிலோ. அந்தப் பாரத்தில் தார்ப்பாயின் ஓரத்தில் கயிறு கோக்கும் கண்கள் கிழிகின்றன. கிழிந்த முனையைக் காற்று பிடித்துக்கொள்கிறது. இதைத் தவிர்க்க, தொட்டியின் நீளவாக்கில் நடுவே ஓர் உயரமான மரச்சட்டத்தை நிறுத்தி, கூரையைப் போல் இருபுறமும் வாட்டம் கொடுத்துத் தார்ப்பாயை விரிக்க வேண்டும். மேற்சொன்ன அளவுள்ள தொட்டிக்கு நான்கு பக்கமும் 60 செ.மீ. தொங்கும்படி 8 மீட்டருக்கு 4 மீட்டர் அளவு தேவைப்படும்.

காற்றின் விசை அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று 80 ஆகும்போது விசை இருமடங்காவதில்லை, நான்கு மடங்காகிறது. இழுபடும் ரப்பர்க் கயிறுகள் தார்ப்பாயைப் படபடக்க விடுவதோடு, அறுந்தால் கொக்கி கண்ணில் பாயும் ஆபத்தும் உண்டு. சாதாரணக் கயிற்றைத் தொட்டியின் பக்கக் கொக்கிகளில் இறுகக் கட்டி, மேலே குறுக்கும் நெடுக்குமாக ஓட்டுவதே மேல். கண் கிழிந்துபோன ஓரத்தில் உருண்டைக் கூழாங்கல் ஒன்றைத் துணிக்குள் வைத்துச் சுற்றி, அதன் கழுத்தில் கயிறு கட்டினால் கிழிந்த கண்ணைவிட உறுதியாக நிற்கும். தார்ப்பாயின்மேல் தனிக் கற்களை வைப்பது தவறு. புயலில் அவை கீழே நிற்பவர்மேல் விழும்.

புயல் எச்சரிக்கை வந்தால் தெர்மாகோல், பிளாஸ்டிக் தாள் போன்ற இலேசான பொருள்களை அடியில் புதைத்து, கனத்தவற்றை மேலே வைக்க வேண்டும். பின்கதவு தாழிடப்பட்டிருக்கிறதா என்று கையால் இழுத்துப் பார்க்க வேண்டும்; காற்றில் வீசும் இரும்புக் கதவு ஆளைச் சாய்க்கவல்லது. வண்டி வரும் நாளில் நம் தார்ப்பாயையும் சட்டத்தையும் முன்னதாகவே அவிழ்த்துவிட வேண்டும். பயணத்துக்கான மூடியை ஓட்டுநர் தம்முடைய முறைப்படி போடுவார்.

அறிகுறி: தொட்டி தரையோடு உறைந்து ஒட்டிக்கொண்டது, கழிவு உள்ளேயே உறைந்துவிட்டது

உறைந்த தொட்டியை வண்டியின் ஹைட்ராலிக் விசையால் வலிந்து இழுத்தால், ஒட்டியிருக்கும் தாரும் துண்டாகப் பெயர்ந்து வரக்கூடும். உருளைகளைச் சுற்றியுள்ள பனிக்கட்டியைக் கடப்பாரையால் மெதுவாக உடைத்து, சுற்றிலும் மணல் தூவ வேண்டும். கொதிநீர் ஊற்றினால் சற்று நேரத்தில் அதுவும் உறைந்து இன்னும் பெரிய கட்டியாகும். தீப்பந்தமோ எரிவாயுச் சுடரோ காட்டினால் தார் இளகும், கழிவு பற்றும். தொடக்கத்திலேயே பலகைமீது நிறுத்திய தொட்டிக்கு இந்தத் தொல்லை குறைவு, ஏனெனில் அடியில் நீர் ஓட வழி இருக்கிறது.

உள்ளே உறைந்த கழிவு தனி இடர். கொட்டும் இடத்தில் தொட்டியைச் சாய்த்தாலும் அது விழாது. வண்டி காலியாகாமல் திரும்பி வரும், கட்டணமும் கூடும். ஈரக் கழிவைப் பைகளில் இறுகக் கட்டிப் போடுவதும், அடியில் முதலில் உலர்ந்த மரத்துண்டு அல்லது அட்டையைப் பரப்புவதும் பலனளிக்கும். தொட்டிக்குள் உப்பைக் கொட்டுவது இரும்பை அரிப்பதோடு, கான்கிரீட்டின்மேல் உப்புநீராக வடியும்.

அறிகுறி: தொட்டி இடம் பெயர்ந்திருக்கிறது அல்லது ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது

சரிவான பாதையில் பனி படியும்போது, பாதுகாப்புக்காகப் போட்ட பலகையே சறுக்குப் பலகையாகிவிடும். உருளைகளின் தாழ்ந்த பக்கத்தில் முட்டுக்கட்டை இல்லாமல் சரிவில் தொட்டியை நிறுத்தவே கூடாது. ஒரு பக்கம் மட்டும் சாய்வது, பெரும்பாலும் பாதி தொட்டி பாதையிலும் பாதி புல்தரையிலும் நின்று, மழையில் புல்தரை இளகியதால் ஏற்படுவது. அடியில் கைவிட்டுக் கல் சொருகவோ மண்ணைத் தோண்டவோ முயலாமல், கழிவு போடுவதை நிறுத்தி, குழந்தைகள் அருகில் செல்லாதவாறு தடுத்து, நிறுவனத்தாரை அழைத்து மாற்றி நிறுத்தச் சொல்ல வேண்டும்.

அறிகுறி: கோடையில் துர்நாற்றம், தொட்டியிலிருந்து சூடோ புகையோ வருகிறது

நாற்றத்துக்குக் காரணம் ஈரமும் உணவுக் கழிவும்; இரண்டையும் தொட்டிக்குள் விடாதிருந்தால் அது தீரும். புகை வேறு. ஆளி விதை எண்ணெய் கலந்த மரப்பூச்சைத் துடைத்த துணிகள் குவியலாகக் கிடந்தால், எவரும் நெருப்பு வைக்காமலே தாமாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். அவற்றைத் தொட்டியில் எறியாமல், நீர் நிரப்பிய உலோக டப்பாவில் மூடிவைக்க வேண்டும். லித்தியம் பேட்டரிகளும், ஆறிவிட்டதாகத் தோன்றும் அடுப்புச் சாம்பலும் தொட்டிக்குள் போகக் கூடாதவை. சாம்பலில் புதைந்த கங்கு சில நாட்கள் வரைகூட உயிரோடிருக்கும். புகை கண்டால் தொட்டியின்மேல் ஏறிக் கிளறாமல், கதவையும் திறக்காமல், தள்ளி நின்று தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும். இக்காரணத்தால் தொட்டியைச் சுவரோடும் இறவாணத்தின் கீழும் ஒட்டி நிறுத்தாமல் இருப்பது தேவை.

அறிகுறி: எடுத்துச் செல்ல வந்த வண்டி தொட்டியை எடுக்காமல் திரும்பிவிட்டது

கழிவு விளிம்புக்கு மேல் குவிந்திருந்தால் ஓட்டுநர் மறுப்பது முறையே. அதைச் சமன்செய்துவிட்டு மீண்டும் அழைக்கலாம். மற்றபடி, வண்டி நேராக நின்று தொட்டியை ஏற்றச் சுமார் 18 மீட்டர் நீளமும் 7 மீட்டர் உயரமும் தடையின்றி வேண்டும். இறக்கிய நாளில் இருந்த உயரம் பனிக்காலத்தில் இல்லாமற் போவதுண்டு. பனியின் பாரத்தால் மரக்கிளைகள் தாழ்ந்திருக்கும், கம்பிகள் தொய்ந்திருக்கும். கிளையைத் தட்டிப் பனியை உதிர்க்கலாம். கம்பியை எவரும் தொடக் கூடாது. பனி மூடிய பாதையின் விளிம்பு எங்கே முடிகிறது என்பது ஓட்டுநருக்குத் தெரியாதாகையால், இருபுறமும் உயரமான குச்சிகளை நட்டு அடையாளம் வைக்க வேண்டும். மழையில் ஊறிய பாதையாயின் இரண்டு மூன்று உலர்ந்த நாட்கள் கழித்து வரச் சொல்வதே நலம். தொட்டி சென்றவுடன் பலகைகளை அகற்றி, ஆணிகளைக் காந்தத்தால் பொறுக்கி, பாதை ஈரமாக இருக்கும்போதே நிழற்படம் எடுத்துவிட வேண்டும்; நீர் தேங்கும் குழியும் நுண்ணிய வெடிப்பும் ஈரத்தில்தான் தெளிவாகத் தெரியும்.